பத்துக்குப் பத்து வாங்கிய அழுகை

அன்புள்ள முரளி,

உன் கல்யாணப் பத்திரிகை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முதல் ஷிஃப்ட் முடித்து, கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி நான் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு லோகா கையெழுத்துப் போட்டுக் கூரியரை வாங்கி வைத்திருந்தாள். பத்திரிகை நன்றாக இருந்தது. உன் நைனா பெயரும் என் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. அதோடு இன்னொரு தாளையும் வைத்திருந்தாய். கல்யாணத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் சிறப்பு நிகழ்ச்சியாகப் படம் பிடிக்கப்போகிறார்களாம். தாலி கட்டி முடிந்ததும் நீ வந்து என் காலில் விழுவாயாம். நான் உன்னைத் தூக்கி அணைத்து, 'எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்பா' என்று சொல்ல வேண்டுமாம். முடிந்தால் கண் கலங்கலாம் என்று அடியில் எழுதியிருந்தது. 'முடிந்தால்' என்று போட்டது நீயா அவர்களா என்று தெரியவில்லை. படித்து மடித்து வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து, வார விடுமுறை அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார முடிந்தது.

இதை உனக்குத் தபாலில் அனுப்பவில்லை. எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் நடத்துகிற மாத இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ டிவி போட்டியில் என்னைப் பற்றிச் சொன்னதை எல்லாரும் பார்த்தார்கள். ரயிலில், கேன்டீனில், தெருக்குழாயடியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இந்த ஏற்பாடு.

படிக்கிறவர்களில் அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சீரியலில் நடிக்கிற இளம்பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிவந்து, வாரம் ஒரு வேஷம் கொடுத்து நடிக்கச் சொல்வார்கள். இந்த வாரம் கொலைகாரன் என்றால் அடுத்த வாரம் ஊமை, அதற்கடுத்த வாரம் எழுபது வயதுக் கிழவர். மூன்று நடுவர்கள் உட்கார்ந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். எந்த வேஷம் கொடுத்தாலும் ஆளே மாறித் தெரிகிறானா, இல்லை எல்லாவற்றிலும் அதே முகத்தோடு வந்து நிற்கிறானா என்று பார்ப்பதுதான் போட்டி. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரேஞ்ச். அந்த எட்டுப் பேரில் நீயும் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சி முடிந்தால், திங்கட்கிழமை காலை ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்க அதே பேச்சாக இருக்கும். நானும் பேசுவேன். கன்வேயரில் ஓடிவருகிற மூடிகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கிப் போடுகிற வேலையைப் பதினேழு வருடமாகச் செய்கிறவள், சோபாவில் உட்கார்ந்தும் அதையேதான் செய்தேன். வில்லனாக வந்து கைதட்டு வாங்கிய அந்தப் பையன் கோபம் வந்தாலும் புருவத்தைத் தூக்குவான், சந்தேகம் வந்தாலும் புருவத்தைத் தூக்குவான். அவனிடம் இருந்தது அந்த ஒரு புருவம்தான். நீ இப்போது கட்டிக்கொள்ளப்போகிற மீரா நன்றாக அழுவாள். அதனாலேயே அவளுக்கு வாரா வாரம் அழுகிற வேஷமாகக் கொடுத்து, கடைசியில் ரேஞ்ச் இல்லை என்று ஐந்தாவது வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை, இடைவேளையில் கேமரா ஓடுவது தெரியாமல் அவள் எதற்கோ சிரித்ததைக் காட்டினார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு சிரிப்பு வேஷம் கொடுங்களேன் என்று ரயிலில் நான் சண்டையே போட்டேன். அவள் நமக்கு மருமகளாக வருவாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீயும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தாய். நாலாவது வாரம், ராணுவத்தில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம் உனக்கு. நடுவர்களில் வயதானவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், உனக்கு ஒரே முகம்தான் என்று. மறுநாள் நீ போன் செய்தபோது உன் குரலே சரியில்லை.

"யம்மா, எனக்கு ஒரே மூஞ்சிதான் கீதாம். நீயே சொல்லு, நெசமா?"

மற்ற தாய்மார்களாக இருந்திருந்தால் இல்லடா ராஜா என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. "எதிர்ல இருக்கறவன் பேசறத நீ கேக்கறதே இல்ல. உன் டயலாக் எப்போ வரும்னு பாத்துக்கினு நிக்கிற. அப்புறம் மூஞ்சி எப்படிடா மாறும்?" என்றேன். அடுத்த வாரம் ஷூட்டிங் இல்லை, ரெண்டு நாள் ஊட்டுக்கு வரேன் என்றாய்.

வந்தாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்துக் கிடந்தாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரிய துக்கத்தில் இருக்கிற ஒருவர் அழாமல் இருப்பதை எப்படி நடிப்பது என்று கேட்டாய். அழச் சொன்னால் யாரும் அழுதுவிடுகிறார்கள், அழாமல் இருப்பதுதான் வரவில்லை என்றாய். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளை உண்மையாகவே தொழிலைக் கற்றுக்கொள்ள நினைக்கிறான் என்று பட்டது. அதனால்தான் பதினேழு வருடம் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன்.

உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீ போலீஸ்காரன் வேஷம் போட்டாய், ஒன்பது வயதில். வருகிறேன் என்று சொன்ன உன் நைனா வரவில்லை. கூட வேலை செய்பவருக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டுவிட்டார். நீ மேடையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் காலை அவர் கிளம்பும்போது நாஷ்டா செய்யவில்லை, டப்பாவும் கட்டிக் கொடுக்கவில்லை. "இப்படியே எங்கனா போய்டு, ஊட்டுக்கு வராத" என்றேன். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அழுதால், நான் சொன்ன வார்த்தையும் வெளியே வந்துவிடும் என்று பயம். இதைத்தான் உன்னிடம் சொன்னேன். அழாமல் இருப்பது கல்மனசு இல்லை, வாயைத் திறக்க முடியாத நிலை என்று நீ புரிந்துகொள்வதற்காகச் சொன்னேன். நீ எழுந்து உட்கார்ந்து கேட்டாய். உன் முகம் மாறியது. பரவாயில்லை, பிள்ளை கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் போன் செய்தாய். இந்த வாரம் சொந்த வாழ்க்கைச் சுற்று, பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தையை வரச் சொல்லு, தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு பார், உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்றாய். கூப்பிட்டேன். கஸ்தூரி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். உன் நைனாவுக்கு ஒரே தங்கச்சி. அவர் போன பிறகு எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவள். லோகா, அவள் மாமியார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு நானும் கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீ ஒருவனே இரண்டு வேஷம். முதலில் நைனா. குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தாய். உன் நைனா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்பது உனக்குத் தெரியாதா? அந்தத் தள்ளாட்டத்துக்கு நடுவர் ஒருவர் கை தட்டினார். பிறகு என் புடவை மாதிரி ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் போலப் பேசினாய். நாஷ்டா இல்லாமல் அனுப்பியதைக் காட்டினாய், அப்புறம் நான் சொன்ன அதே வார்த்தை. அதையும் நான் சொன்ன மாதிரி சொல்லவில்லை. நான் வாசலைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். நீ விரலை நீட்டிக் கத்தினாய். பிறகு ஆஸ்பத்திரி. நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டு அழுதாய். அழாமல் இருப்பது எப்படி என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனவன் நீ. நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஒரே முகம் என்று சொன்ன அந்தப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதாண்டா ரேஞ்ச் என்றார். பத்துக்குப் பத்து. நீயும் அவர்களைப் பார்த்து, இது எங்கம்மா என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம் என்று சொன்னாய்.

லோகா டிவியை அணைத்தாள். எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கஸ்தூரி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் எப்போ அண்ணி குடிச்சிது?" என்று கேட்டாள்.

குடிக்கவில்லை, அது அவனாகச் சேர்த்தது என்றேன்.

"துன்னாம போச்சுன்றது?"

அது நிஜம் என்றேன்.

"இத்தினி வருசம் என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. நான் உன்ன கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சிக்கினு வந்து போய்க்கினு இருந்தேன்" என்றாள். பொய்யை என்னால் மறுக்க முடிந்தது, உண்மையை மறுக்க முடியவில்லை. நீ இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து வைத்துவிட்டாய். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. மறுநாள் விடிந்ததும் காபி கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.

நான் சொன்ன வார்த்தையை இங்கே மறைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். சொன்னேன். அதோடுதான் பதினேழு வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். கஸ்தூரி கேட்காவிட்டாலும் என்றைக்காவது நானே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை, அது என் தப்பு. ஆனால் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியவள் நான்தானே முரளி?

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். உனக்கு முதலில் நடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நைனா போன இருபதாவது நாள் கம்பெனி அதிகாரி வீட்டுக்கு வந்தார், எனக்கு அவருடைய இடத்தில் வேலை கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு. வருவதற்கு முன்னால் உனக்குப் பழைய சட்டையைப் போட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நில், நான் உன் கையை அழுத்தும்போது நைனா எப்போ வரும் என்று கேள் என்று சொல்லி, இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னேன். நீ அப்படியே கேட்டாய். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்து, நான் நல்லா செஞ்சனாம்மா என்று கேட்டாய். நல்லா செஞ்சடா என்று சொல்லி உச்சி முகர்ந்தேன். நம் வீட்டுத் துக்கத்தை வெளியாள் முன்னால் நடித்துக் காட்டலாம், அதற்குப் பலன் கிடைக்கும் என்று உனக்குக் காட்டியது அந்தச் சாயங்காலம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் உன் மேல் இருக்கிற கோபம் பாதியில் நின்றுவிடும். ஆனால் ஒன்று. அன்று நமக்குச் சோற்றுக்கு வழியில்லை. இன்று உனக்கு அப்படி என்ன வழியில்லை?

இறுதிச் சுற்றுக்கு என்னை வரச் சொன்னபோது, சும்மா வந்து முன்வரிசையில் உட்காரும்மா போதும் என்றாய். நம்பி வந்தேன். அரங்கத்தில் ஏசி குளிரும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து கண்ணில் தண்ணீராக வந்தது, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தத் தொகுப்பாளர் பெண் என் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தாள். நைனாவின் போட்டோவைப் பெரிய திரையில் போட்டார்கள். மகனை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள். நான் மைக்கை வாங்கினேன்.

"அன்னிக்கி நான் அழல. எங்கூட்டுக்காரரு குடிச்சதில்ல. இவன் ரெண்டையும் தப்பா நடிச்சிட்டான்" என்றேன்.

நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர் வந்து, அம்மா கொஞ்சம் பாசமாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். வெளியே நடைபாதையில் நீ ஓடிவந்தாய். அடி விழுந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது, நீ சொன்னது அப்படி.

"இன்னாம்மா பேஜாரு பண்ணிட்ட. ரெண்டு சொட்டு கண்ணீர் வுட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

அவர்களுக்கு அந்த இரண்டு சொட்டு கிடைத்துவிட்டது. நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நான் பேசியது எதுவும் இல்லை. ஏசிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் காட்டி, பின்னால் வயலினைப் போட்டு, அம்மா மன்னித்த நிமிடம் என்று எழுத்து ஓடவிட்டார்கள். நீ கோப்பையைத் தூக்கிப் பிடித்தாய். வாயைத் திறக்காமலே என்னையும் நடிகையாக்கிவிட்டீர்கள். மறுநாள் ரயிலில் ஒருத்தி, உங்க பையன விட நீங்கதான் நல்லா நடிச்சீங்க என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

கல்யாணத்துக்கு வருவேன். அட்சதை போடுவேன். கேமரா என் பக்கம் திரும்பினால் எழுந்து போய்விடுவேன், அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. காலில் விழுவதென்றால் படம் பிடிக்காத நேரத்தில் விழு. மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து அன்று வராது. என்றைக்கு வரும் என்று எனக்கே தெரியாது, வந்தால் உனக்கு மட்டும் சொல்வேன்.

மீராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒரே தொழில். நாளைக்கு ஏதோ ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ, அவள் உன்னிடம் ஒன்று சொல்வாள். அவள் அம்மாவைப் பற்றி இருக்கலாம், அவளைப் பற்றியே இருக்கலாம். சொல்லும்போது அவள் குரல் எங்கே உடைகிறது, கை எங்கே நிற்கிறது என்று உன் கண் தானாகக் குறித்துக்கொள்ளும். அதைத் தடுக்க முடியாது, அது உன் தொழில். ஆனால் குறித்ததை அங்கேயே விட்டுவிடு. இவன் நம்மைக் கேட்கிறானா, இல்லை எடுத்துக்கொள்கிறானா என்று ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் எதுவும் சொல்லமாட்டாள். ஒரே வீட்டில் இருப்பாள், சோறு போடுவாள், சொல்லமாட்டாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதை இத்தனை நாள் யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சுற்றில் நைனாவாக நீ வெளியே கிளம்பும்போது, மூன்று நொடி ஒன்று செய்தாய். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, குனிந்து, தரையில் தூங்குவதாகக் காட்டிய பிள்ளையின் காலில் போர்வையை இழுத்து விட்டாய். நடுவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அதற்கு யாரும் மார்க் போடவில்லை. ஆனால் அது நடந்தது முரளி. அடுப்படியிலிருந்து நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்படியேதான் குனிந்தார், அதே வலது கையால்தான் இழுத்து விட்டார். அந்த மத்தியானம் நான் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. அது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நீ அன்று தூங்கவில்லையா? விழித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாயா? நான் சொன்ன வார்த்தையை நீயும் கேட்டாயா, கேட்டுவிட்டு இத்தனை வருடம் என்னிடம் ஒன்றும் கேட்காமலே வளர்ந்தாயா? அப்படியானால் இது என் ரகசியம் மட்டும் இல்லை, உன்னுடையதும்தான். நான் என் கோபத்தை முதலிலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இல்லை, ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்து நீயாகச் சேர்த்த நடிப்பா அது? அப்படியானால் உனக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறது, எனக்கு வேறு சொல்ல ஒன்றும் இல்லை. வாரா வாரம் எட்டுப் பேரில் எது நிஜம் எது பொய் என்று பொறுக்கிப் போட்டவளுக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் தனியாக வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, விழித்திருந்தேன் என்றோ இல்லை என்றோ சொல். நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகத்தை நம்பலாமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா